கடல்கீரையும் அப்பாவின் யூரியாவும்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை மக்களே. ஆணி அதிகம். ஆணின்னா, டென்மார்க்ல ரோஸ்கில்ட ஃபியோர்டுல முழங்கால் தண்ணில நின்னு பாசி பொறுக்குறது. "இதுக்கா கடன் வாங்கிப் போனே?"ன்னு அம்மா கேக்குறாங்க. நியாயமான கேள்விதான் :-)

நான் பொறுக்குறது சீ லெட்டூஸ். பச்சைப்பசேல்னு கீரை மாதிரியே இருக்கும். கனம் மொத்தமே ரெண்டு செல். உறிஞ்ச வேர் வேண்டாம். இலை முழுக்க தண்ணியிலேர்ந்து நேரா நைட்ரஜனை இழுத்துக்கும். அமோனியம் கிடைச்சா அதுக்குத்தான் முதல் மரியாதை. நைட்ரேட்டை எடுத்தா, உள்ளே நைட்ரைட்டாக்கி, அப்புறம் அமோனியமாக்கின பிறகுதான் புரதம் செய்ய முடியும். அதுக்குத் தனிச் செலவு.

அப்பா டெல்டா விவசாயி. "கடல்ல ஏதுடா உரம்?"னார். இங்க மனுஷங்களை விட பன்னிங்க அதிகம். அந்தச் சாணமும் உரமும் வயலுக்குப் போய், மழையில கரைஞ்சு கடலுக்கு வந்துடும். 1986 அக்டோபர்ல காட்டெகாட் கடல்ல ஆக்ஸிஜன் இல்லாம சிங்கி இறால்கள் செத்ததை டிவில பார்த்து நாடே ஆடிப்போச்சு. 1987ல நைட்ரஜன் கசிவைப் பாதியாக்கணும்னு திட்டம் போட்டாங்க.

"அதான் பாசி இழுத்துக்குதே, அப்புறமென்ன?"

இழுக்குதுதான். ஆனா ரொம்ப நாள் வச்சிருக்காது. வேகமா வளர்ற ஜாதி, சேமிப்பு சில நாளுக்குத்தான் வரும். கூட்டமா ஒதுங்கி அழுகினா வாங்கினதெல்லாம் திரும்பத் தண்ணிக்கே. அழுகுறப்போ இருக்குற ஆக்ஸிஜனும் காலி. யாராவது அள்ளிக் கரையேத்தினாதான் கணக்கு தீரும்.

"நம்ம வாய்க்கால் ஆகாயத்தாமரை மாதிரியா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "நான் போடுற யூரியாவும் இப்படித்தான் போவுதா?"ன்னார்.

என்னத்தைச் சொல்ல? அந்த யூரியால விளைஞ்ச நெல்லை வித்துத்தான் என்னைப் படிக்க வச்சார். "கொஞ்சம் ஆவியாப் போயிடும், கொஞ்சம் வாய்க்காலுக்கு. ஒரே தடவையா கொட்டாம பிரிச்சுப் போடுங்கப்பா. இலை வண்ண அட்டை வாங்கி, பயிரோட பச்சையைப் பார்த்துப் போட்டாப் போதும்"னேன். "படிச்ச திமிரு"ன்னு சிரிச்சுட்டு வச்சுட்டார். எனக்குத்தான் அன்னிக்குத் தூக்கம் வரலை.

நேத்து அம்மா சொன்னாங்க. வேளாண்மை ஆபீஸ்ல கேட்டு அட்டை வாங்கிட்டு வந்துட்டாராம். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு இலையா வச்சுப் பார்க்குறாராம்.

டிஸ்கி: அந்தக் கீரையைத் தின்னு பார்த்தியான்னு கேக்கப் போறவங்களுக்கு: பார்த்தேன். உப்பு.