ரீதிகௌளையை எந்த ஃபோல்டர்ல போடறது?

உங்க கம்ப்யூட்டர்ல பாட்டெல்லாம் எப்படிப் பிரிச்சு வச்சிருக்கீங்க? இசையமைப்பாளருக்கு ஒரு ஃபோல்டர், பாடகருக்கு ஒண்ணு, ராகத்துக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சா அதோட கதை கந்தல். 1977-ல வந்த 'கவிக்குயில்' படத்துல பாலமுரளிகிருஷ்ணா பாடின ரீதிகௌளைப் பாட்டை எடுத்துக்குங்க. இசை ராஜா, குரல் பாலமுரளி, ராகம் ரீதிகௌளை, வருஷம் 77. நாலு ஃபோல்டரும் 'எனக்குத்தான்'னு சண்டைக்கு வரும். எதுல போட்டாலும், மத்த மூணு வழியா தேடி வர்றவருக்கு அது இல்லாத பாட்டு.

தேடல் பக்கங்கள் டிசைன் பண்றதுதான் எனக்குப் பொழப்பு. தினமும் இதே பஞ்சாயத்து. "முதல்ல மெயின் கேட்டகரி எதுன்னு சொல்லுங்க" என்பார்கள் மீட்டிங்கில். மெயின்னு ஒண்ணு கிடையாதுங்கறதுதான் பதிலே.

இந்த வழியைக் காட்டினவர் நம்ம சீர்காழிக்காரர், எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாரா இருந்து 1924-ல சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1876-ல வந்த டூயி முறை, துறைகளை முன்கூட்டியே பத்துப் பத்தா கிளை பிரிச்சு வச்சது. ரங்கநாதன் லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். அதே துண்டுகளை மாத்தி மாத்திச் சேர்த்தா வேற வேற பொம்மை! புத்தகத்தோட பொருளையும் அப்படியே துண்டு துண்டாப் பிரிச்சு, நடுவுல கோலன் வச்சு இணைச்சார். 1933-ல வெளிவந்த கோலன் வகைப்பாடு அதுதான். அவருக்கும் ஒரு புத்தகத்தை ஒரே அலமாரியிலதான் வைக்க முடியும். திரையில அந்தத் தொல்லை இல்லை.

ஆனா வேற நுணுக்கம் இருக்கு. ரெண்டு ராகத்தை டிக் பண்ணா 'இது அல்லது அது'. ராகமும் பாடகரும்னா 'இதுவும் அதுவும்'. ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் எத்தனை பாட்டுன்னு எண்ணிக்கை காட்டணும். ரீதிகௌளையை டிக் பண்ணினப்புறம், மத்த ராகங்களை எண்ணும்போது அந்த ராக டிக்கை மட்டும் கணக்குல சேர்க்கக் கூடாது. சேர்த்தா கல்யாணி, மோகனம் பக்கத்துல எல்லாம் 0 வந்து நிக்கும்.

"எண்ணிக்கை போட்டா சர்வர் திணறுது, தூக்கிடலாமே?" இந்த ஒண்ணுக்கு மட்டும் நான் மசியறதில்லை. எண்ணிக்கை இல்லேன்னா இருட்டுல டிக் பண்ணி, காலிப் பக்கத்துல போய் முட்டிக்கணும். எங்கப்பா மாதிரி ஆளுங்க 'ஒரு டிக்கை எடுத்துப் பார்ப்போம்'னு யோசிக்க மாட்டாங்க. 'இவங்ககிட்ட அது இல்ல போல'ன்னு மூடிட்டுப் போயிடுவாங்க. பாட்டுன்னா பரவாயில்லை. மகளுக்குக் கல்வி உதவித்தொகை தேடறவருக்கும் அதே காலிப் பக்கம்தானே? இருக்கற உதவி, கடைசித் தேதி தாண்டிப் போயிடும்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துன்னு ரங்கநாதன் 1931-லயே நாலாவது விதியா எழுதி வச்சுட்டார். சர்வரோட நேரத்துக்கு அவர் விதி எதுவும் போடலை :-)