கடல்கட்டியின் பதிலாள்

இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவின் சில வகைகளில், ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு திருகு உண்டு. பனி, சேறு, மணல் என்று அதற்கு மூன்று நிலைகள். எஞ்சினின் விசை முன்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே போகும் வண்டி அது. தூத்துக்குடியில் அதை வாங்கி ஓட்டுகிறவர் ஊருக்குள் காணக்கூடிய வெள்ளைக் குவியல் உப்பள அம்பாரம் ஒன்றுதான். அதன்மேல் யாரும் வண்டி ஏற்றப்போவதில்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் தார் ராக்ஸ் போன்ற வண்டியிலும் இதே மூன்று பெயர்கள் இருக்கின்றன என்பதால், அந்தத் திருகு உண்மையில் என்ன தருகிறது என்று கேட்டுப்பார்ப்பது வீண்வேலை அல்ல. அது பிடிமானத்தைத் தருவதில்லை, துணிச்சலைத் தருகிறது என்பது என் கட்சி. துணிச்சல் கெட்ட பொருள் அல்ல. எந்தத் தரையில் என்பதைப் பொறுத்தது.

பனி நிலைக்குத் திருகினால் ஆக்சிலரேட்டர் மந்தமாகும். காலை அழுத்தினாலும் எஞ்சின் அவசரப்படாது; பல வண்டிகள் முதல் கியரை விட்டு இரண்டாவதில் புறப்படும்; சக்கரம் சற்றே வழுக்கிச் சுழன்றாலும் உடனே விசை குறைக்கப்படும். மணல் நிலை இதற்கு நேர் எதிர். சக்கரம் கொஞ்சம் சுழலட்டும் என்று விட்டுவிடும், கீழ் கியரிலேயே நின்று முறுக்கும். காரணம் தெளிவு. பனியில் சுழலும் சக்கரம் அடியிலுள்ளதைத் தேய்த்துப் பளிங்காக்கிவிடும். மணலிலோ, வேகம் செத்த வண்டி அங்கேயே புதையும். இரண்டும் உதிரியான தரைதான், பார்வைக்கு உறவுக்காரர்கள்தான். ஆனால் ஒன்றில் கற்ற பாடம் மற்றதில் ஆளைக் கவிழ்க்கும்.

இங்கேதான் நம் தேரி நினைவுக்கு வருகிறது. குதிரைமொழி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடுகள், இரும்பு ஆக்சைடு பூசிய மணிமணியான மண், தென்மேற்குக் காற்றில் இடம்பெயரும் இயல்புடையது. டயரில் காற்றை இறக்கி, அதன் தடத்தை நீளமாக்கி, நின்றுவிடாமல் ஓட்டினால் தேரியைக் கடக்கலாம். அதில் ஒரு பெருந்தன்மையும் உண்டு: காலை எடுத்தால் போதும், மணலே வண்டியை நிறுத்திவிடும். ஆகவே தேரியில் பழகியவருக்கு, துணிந்து போவதும் பாதுகாப்பாக நிற்பதும் ஒன்றோடொன்று சேர்ந்தே வருபவை. அவரே விடுமுறைக்கு மணாலி போய் அதே நம்பிக்கையோடு ஓட்டினால், காலை எடுத்த பிறகும் வண்டி போய்க்கொண்டிருப்பதைக் காண்பார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7. அழுந்திய பனியில் 0.2 என்று வைத்துக்கொள்வோம். வெறும் பனிக்கட்டியில் 0.1. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பிரேக் பிடித்த இடத்திலிருந்து தார்ச்சாலையில் 14 மீட்டரில் நிற்கும், பனியில் 49 மீட்டர் ஆகும், பனிக்கட்டியில் 98. இந்தக் கணக்கில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்ற கேள்வியே வராது. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. புறப்படும்போது மட்டுமே வேறுபாடு. இரண்டு சக்கரம் இழுத்தால் வண்டியின் எடையில் பாதியளவுதான் பிடிக்கு உதவும். நான்கும் இழுத்தால் முழு எடையும் உதவும். அதாவது ஏறும் திறன் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, நிற்கும் திறன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. சாதாரணக் கார் புறப்படும்போதே வழுக்கி, தரை சரியில்லை என்று சொல்லிவிடும். நான்கு சக்கரக்காரருக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. முதல் வளைவில்தான் அவருக்குச் செய்தி எட்டும்.

அப்படியானால் பனி பெய்தபின் சோலங்கிலிருந்து அடல் சுரங்கம் நோக்கி நான்கு சக்கர இயக்க வண்டிகளை மட்டும் ஏன் விடுகிறார்கள், தங்மார்க்கிலிருந்து குல்மார்க் ஏற அந்த வண்டி அல்லது சக்கரச் சங்கிலி வேண்டும் என்று ஏன் கேட்கிறார்கள் என்று எதிர்வாதம் வரும். ஏற்றத்தில் சிக்கி நிற்கும் ஒரு கார் பின்னால் வரும் நூறு காரை மறிக்கும். போகமுடிவது அங்கே பொதுநலம். அந்த விதியில் தவறில்லை. ஆனால் பனியோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்துகிற இடத்தின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். தமிழர் பலர் வாழும் மொன்றியல் நகரம் இருக்கிற கியூபெக் மாகாணத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். நான்கு சக்கரமும் இழுக்கிறது என்று காட்டி விலக்குப் பெற முடியாது. குளிரிலும் இறுகாத ரப்பர் தரையைப் பிடிக்கும். திருகு பிடிக்காது என்பது அந்தச் சட்டத்தின் கருத்து.

துணிச்சலை விற்கும் தொழில் நம் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் புதிதல்ல. 1290களில் வந்துபோன மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு, பெரிய மீன்கள் குளிப்போரைத் தீண்டாதபடி மந்திரம் போடுகிறவர்களுக்குப் போனது என்று எழுதுகிறார். அந்த மந்திரம் பகலுக்கு மட்டும். இரவில் அவர்களே அவிழ்த்துவிடுவார்கள். கடல்கட்டி என்று நம்மவர் அழைத்தது இவர்களைத்தான். இந்தத் தொழில் ஆங்கிலேயர் காலம்வரை நீடித்தது. இலங்கையில் காலனியச் செயலராயிருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட நூலில், மன்னார் வளைகுடாவின் அக்கரைக் குளிப்பைப் பற்றிச் சொல்லும் செய்தி இன்னும் ருசியானது. பரம்பரைக் கடல்கட்டி அன்று உடம்பு சரியில்லாமல் வரவில்லை, ஒரு பதிலாளை அனுப்பியிருந்தார். அந்த மனிதர் ஒளிக்காமல் பேசினார்: மந்திரம் தனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்தவரின் பிரதிநிதியாகத் தான் இருப்பதைச் சுறாக்கள் மதிக்கும். பரம்பரையின் தலைவரோ கத்தோலிக்கர். அதையும் யாரும் குறையாக நினைக்கவில்லை. முன்சக்கரக் காரில் இருக்கும் பனித் திருகை இதைவிடப் பொருத்தமாக யாரும் வருணித்துவிட முடியாது. நான்கு சக்கர இயக்கம் என்ற மந்திரம் அதற்குத் தெரியாது, ஆனால் தெரிந்தவரின் பெயரில் வந்திருக்கிறது.

கேலி போதும், பதிலாளின் பக்கமும் நியாயம் உண்டு. கடல்கட்டி இல்லாமல் குளிப்பவர் இறங்கமாட்டார், இறங்காவிட்டால் குளிப்பே இல்லை. கூட்டமாக நின்ற படகுகளும் ஓயாத இரைச்சலும் சுறாவை விலக்கியிருக்கும், ஆபத்து உண்மையிலேயே குறைவு. ஆகவே அந்தத் துணிச்சல் பெரும்பாலும் சரியான இடத்தில் செலவானது. ஆக்சிலரேட்டரை மந்தமாக்கும் திருகும் பதறும் காலுக்குக் கடிவாளம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பனியில் ஆபத்து குறையவில்லை, மறைந்திருக்கிறது. இங்கேயும் அப்படித்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிச் சாலைமேல் ஓடும் வெள்ளம் இரண்டடி உயரமிருந்தால் கனத்த வண்டியையும் தூக்கிவிடும். மிதக்கும் சக்கரம் நான்கும் சுழன்றென்ன, இரண்டு சுழன்றென்ன? உயரமான வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இறங்கிப் பார்க்கலாம் என்று முதலில் தோன்றும். ஆகவே திருகை நம்பலாம், ஒரு நிபந்தனையோடு: பனியோ வெள்ளமோ, புறப்பட முடிகிறதா என்பதை விட்டு, நிற்க முடியுமா என்பதை முதலில் கேட்க வேண்டும். ஆளில்லாத சமதளத்தில் மெதுவாகப் போய் ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பார்த்தாலே பனி பதில் சொல்லிவிடும். வெள்ளத்துக்கு அந்தச் சோதனையும் கிடையாது, திரும்பிப் போவதே வழி. கடல்கட்டியை ஒரு விஷயத்தில் பாராட்டலாம். அவருக்குக் கூலி எடுத்த சிப்பியில் பங்கு; குளிக்கப்போனவர் மேலே வந்தால்தான் அவருக்கும் வரும்படி. திருகுக்கான விலையை நாம் வாசலிலேயே கட்டிவிடுகிறோம்.