குதிரைத் தோட்டத்தில் ஒரு பகல்

மோட்டார் கார் வாங்கும் உத்தேசம் நமக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதற்கு வேண்டிய பணம் இல்லாதது ஒரு காரணம். கார் வைத்திருப்பவர்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்திருப்பது இன்னொரு காரணம். ஆனால் பிறர் கார் வாங்கப் போகும்போது கூடப் போய் அபிப்பிராயம் சொல்வதென்றால் நமக்கு எப்போதும் உற்சாகந்தான். பணம் அவருடையது, அபிப்பிராயம் நம்முடையது. இதைவிட லாபகரமான வியாபாரம் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது?

ஆகையால், ஜெர்மனி தேசத்து ஸ்டுட்கார்ட் நகரில் இஞ்சினீயர் உத்தியோகம் பார்க்கும் நம் கோயமுத்தூர் நண்பர், "சனிக்கிழமை போர்ஷே கார்க் கடைக்குப் போகிறேனுங்க. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கலாமா என்று ஒரு யோசனை. நீங்களும் வரவேண்டும்" என்று சொன்னபோது, நாம் யோசனை செய்யாமலே சம்மதித்து விட்டோம்.

நண்பருக்கு வயது ஐம்பத்தைந்து. அவருடைய வண்டி 1999-ஆம் வருஷத்தியது. 2006-ல் வேறொருவரிடமிருந்து வாங்கினார். அந்த மாதிரியின் முன் விளக்குகளைக் கண்ட ஜெர்மானியர்கள், அதற்கு 'பொரித்த முட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விளக்கைப் பார்த்தால் பெயர் பொருத்தம் என்றே தோன்றுகிறது. அப்படிப் பரிகாசத்துக்கு ஆளானதால்தான் அது நண்பருக்கு எட்டும் விலைக்கு வந்ததாம்.

இரண்டு பேர் வண்டியில் மூன்று பேர்

இந்த வண்டியில் பின் ஆசனம் என்று ஒன்று உண்டு. தச்சன் மறந்துபோய்க் கடைசி நிமிஷத்தில் செய்து சேர்த்தது போல் இருக்கும். குழந்தைகள் உட்காரலாம், பெரியவர்கள் உட்கார வேண்டுமானால் தங்களை மடித்துக்கொள்ள வேண்டும். இதை அறிந்த நண்பரின் மனைவி, "அண்ணா, நீங்க முன்னாலே உட்காருங்க. நான் ரயிலில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிப் புறப்பட்டு விட்டார்.

பெரிய ஸ்டேஷனிலிருந்து ஆறாம் எண் ரயிலில் ஏறினால் சுமார் பத்து நிமிஷத்தில் 'நாய்விர்ட்ஸ்ஹவுஸ்' என்ற ஸ்டேஷன் வருகிறது. இறங்கினால் எதிரே போர்ஷே சதுக்கம். நாங்கள் இருவரும் மணிக்கு 280 கிலோமீட்டர் போகக்கூடிய வண்டியில் கிளம்பினோம். ஸ்டுட்கார்ட் நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பது போல் மலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது. கிண்ணத்திலிருந்து வெளியேறும் பாதைகள் சில. வெளியேற விரும்பும் வண்டிகளோ அநேகம். முக்கால் மணி நேரம் கழித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அம்மையார் காபி குடித்து முடித்துவிட்டு, சதுக்கத்தின் நடுவே நிற்கும் சிற்பத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தார்.

பார்க்க வேண்டிய சிற்பந்தான். 20 மீட்டருக்கு மேல் உயர்ந்த மூன்று வெள்ளைத் தூண்கள் வானத்தைத் துளைப்பது போல் எழும்புகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நிஜமான மோட்டார் கார்! இதை 2015-ல் அமைத்த சிற்பி ஜெர்ரி ஜூடா பிறந்த ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? கல்கத்தா. இந்தச் செய்தியை நண்பர் சொன்னதும் நமக்கு அந்தச் சதுக்கத்தில் ஏதோ பாத்தியதை வந்துவிட்டது போல் ஒரு நிமிர்வு உண்டாயிற்று.

மூன்று கால் மாளிகை

கடைக்குப் போகுமுன் பொருட்காட்சி சாலையைப் பார்த்துவிடுவோம் என்றார் நண்பர். பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் குலங் கோத்திரம் விசாரிப்பதில்லையா?

2009-ஆம் வருஷம் ஜனவரியில் திறந்த கட்டடம் இது. வியன்னா நகரத்துச் சிற்பிகள் கட்டியது. பிரம்மாண்டமான அந்த மாளிகை மூன்றே தூண்களின் மேல் நிற்கிறது. அடியில் போய் நின்றால், 'இது எப்போது தலையில் விழும்?' என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடிவதில்லை. உள்ளே சுமார் எண்பது வண்டிகள் இருக்கின்றன. அவை வெறும் பொம்மைகள் அல்ல. அவ்வப்போது வெளியே எடுத்துப் போய்ப் பந்தயங்களில் ஓட்டவும் செய்கிறார்கள்.

பெர்டினாண்ட் போர்ஷே என்பவர் 1875-ல் பொஹீமியாவில் பிறந்தவர். 1900-ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் அவர் அமைத்த வண்டி வைக்கப்பட்டது. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த அந்த வண்டி ஓடியது மின்சாரத்தினால்! 2019-ல் இதே ஊரில் மின்சாரப் போர்ஷே உற்பத்தி தொடங்கியபோது எல்லோரும் புதுமை, புதுமை என்றார்கள். தாத்தா செய்ததைப் பேரன்மார் ஒரு நூற்றாண்டு கழித்துச் செய்தார்கள் என்பதே உண்மை.

ஸ்டுட்கார்ட்டில் அவர் 1931-ல் சொந்தக் காரியாலயம் ஏற்படுத்தினார். அவர் பெயர் தாங்கிய முதல் விளையாட்டு வண்டி, 1948-ஆம் வருஷம் ஜூன் 8-ந் தேதி, ஆஸ்திரியாவின் குமுண்ட் கிராமத்தில் பதிவாயிற்று. எடை 585 கிலோ; எஞ்சின் வலிமை 35 குதிரை. எதிரில் வரும் ஒரு சாதாரணக் குடும்பக் காரில்கூட இப்போது அதைவிட அதிகக் குதிரைகள் உண்டு. ஆயினும் அந்தச் சின்னஞ்சிறு வெள்ளி நிற வண்டியின் முன் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறார்கள்.

ஆனால் குலங் கோத்திரம் விசாரிக்கப் புகுந்தால் நல்லதை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்ப முடியாது. ஹிட்லர் ஆட்சிக்காகவே அவர் மக்கள் காரை அமைத்தார். யுத்தத்தில் டாங்கிகளையும் அமைத்தார். யுத்த காலத்தில் இந்தத் தொழிற்சாலையில் அன்னிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் கட்டாய வேலை செய்தார்கள். கம்பெனியை ஆரம்பித்த மூவரில் ஒருவரான அடால்ப் ரோஸன்பெர்கர், பந்தய வீரர், யூதர். 1935-ல் அவர் தம் பங்கை விட்டு விலக நேர்ந்தது; அதே வருஷம் சிறைப்பட்டு முகாமில் அடைபட்டார். பிறகு தேசத்தைவிட்டே வெளியேறி, அமெரிக்காவில் வேறு பெயருடன் வாழ்ந்து 1967-ல் காலமானார். பளபளக்கும் வண்டிகளைப் பார்த்து மயங்கி நிற்கும்போது அந்த மனிதரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நியாயம் என்று நமக்குத் தோன்றியது.

நண்பர் நின்றது '911' என்ற வண்டியின் முன்னால். 1963-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வந்தபோது இதன் பெயர் '901'. நடுவில் பூஜ்யம் வரும் எண்கள் தங்களுக்கே உரியவை என்று பிரான்ஸ் தேசத்துப் பெழோ கம்பெனியார் ஆட்சேபித்ததனால், பூஜ்யம் போய் ஒன்று வந்தது. இதன் எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. சாவித் துவாரமோ இடது கைப் பக்கம். லெமான் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் ஓடிவந்து வண்டியில் ஏறிப் புறப்படுவது ஒரு காலத்து வழக்கம். இடது கையால் சாவி திருப்பி வலது கையால் கியர் போட்டால் சில விநாடிகள் மிச்சமாகும் என்பதற்காக இந்த ஏற்பாடு என்று சொல்வார்கள். 1969-ஆம் வருஷத்துப் பந்தயத்தோடு அந்த ஓட்டம் நின்றுபோயிற்று. சாவி மட்டும் இடம் மாறவில்லை. அதற்கு அடுத்த வருஷந்தான் போர்ஷே அந்தப் பந்தயத்தில் முதல்முறையாக முதலிடம் பெற்றது.

"2009-ல் அப்பாவை இங்கே அழைத்து வந்தேனுங்க" என்றார் நண்பர். தகப்பனார் கோவையில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் முப்பது வருஷம் மெக்கானிக். மகனைப் பார்க்க மூன்று மாதம் வந்து தங்கியிருந்தார். "இந்த வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். 'முன்னாலே மூட்டை வைக்கிற இடம், பின்னாலே எஞ்சினா? நம்ம ஊர் ஆட்டோ மாதிரிதானப்பா இது!' என்றார். பக்கத்தில் இருந்த ஜெர்மானியர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். புகழ்கிறார் என்று சொல்லிவைத்தேன்."

அந்தப் பெரியவர் 2015-ல் காலமாகிவிட்டார்.

புடவைக் கடை மாதிரி

சாலையைத் தாண்டினால் கடை. கடை என்று சொல்வதே பிசகு. கண்ணாடிச் சுவர்களும், முகம் தெரியும் தரையும், தைலமும் தோலும் கலந்த வாசனையுமாக ஒரு கல்யாண மண்டபத்தைப் போல் இருந்தது. நடுநடுவே மணப்பெண்களைப்போல் வண்டிகள்.

விற்பனையாளர் இளைஞர், நல்ல மரியாதைக்காரர். புதிய 911-ஐக் காட்டினார். 394 குதிரை வலிமை. நின்ற நிலையிலிருந்து 4.1 விநாடியில் 100 கிலோமீட்டர். உச்ச வேகம் மணிக்கு 294 கிலோமீட்டர். நண்பரின் வண்டிக்கு 300 குதிரை, 5.2 விநாடி, 280 கிலோமீட்டர். இருபத்தைந்து வருஷ முன்னேற்றம் ஒரு விநாடியும் சில்லறையும் என்று நாம் மனத்துக்குள் கணக்குப் போட்டோம். விலையைக் கேட்டபோது ஒரு லட்சம் யூரோவுக்கு மேலே ஆரம்பமாயிற்று. ஆரம்பந்தான்.

ஏனென்றால் அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கும் படலம் வருகிறது. தோல் என்ன நிறம், தோலில் தையல் நூல் என்ன நிறம், இடுப்பு வார் என்ன நிறம், சக்கரம் என்ன தினுசு என்று மேஜைமேல் துண்டுகளாகப் பரப்பினார் இளைஞர். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. இதுவரையில் வாய் திறவாதிருந்த நண்பரின் மனைவி ஒரு தோல் துண்டை ஜன்னல் அருகே எடுத்துப் போய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். "இது ராத்திரி வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும்" என்றார். கூறைப் புடவை எடுக்கும் பரம்பரை அனுபவம் பேசியது. இளைஞர் திகைத்துப்போய், அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த அம்மையார் மனத்தில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியும். சிங்காநல்லூரில் மாமனார் விட்டுப்போன மனையில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக இருவரும் சேர்த்த தொகையும் இந்த வண்டியின் விலையும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பதினைந்து வயதிலிருந்து ஆசைப்பட்டவர். நான் ஏன் தடுக்க வேண்டும்?" என்று காலையில் நம்மிடம் தனியாகச் சொன்னார். இப்படிப்பட்ட மனைவியிடம் சண்டை போட்டு ஜயிப்பது சுலபம். சண்டையே போடாதபோது என்ன செய்வது?

நண்பர் ஆசனத்தில் அமர்ந்தார். இடது பக்கம் சாவித் துவாரத்தைத் தேடினார். இப்போது சாவி இல்லை, இடது பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருக்கிறது என்றார் இளைஞர். எஞ்சினின் சுற்று காட்டும் முள்? அதுவும் திரையில் தோன்றும் படம். மிதிகளில் கிளட்சைக் காணோம். இந்த மாதிரியில் கியர்கள் தாமாகவே மாறும். கையால் போட வேண்டுமானால் வேறு மாதிரி வாங்கவேண்டும். நண்பர் இறங்கிப் பின் மூடியைத் திறந்தார். இரண்டு காற்றாடிகளும் இரண்டு மூடிகளும் தெரிந்தன, எஞ்சினைக் காணோம்.

"எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி எங்கே?" என்று கேட்டார்.

"கம்பி கிடையாது, அதையும் திரை சொல்லிவிடும்" என்று இளைஞர் பெருமையுடன் சொன்னார். நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய சௌகரியம். நண்பர் மட்டும் மூடியைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார்.

கட்டினுள்ளே ஒரு நோட்டுப் புத்தகம்

பழைய வண்டிக்கு என்ன மதிப்புப் போடலாம் என்று பார்க்க, அதன் ரிப்பேர்க் கணக்குகளைக் கேட்டார் இளைஞர். நண்பர் ஒரு தடித்த கட்டைக் கொடுத்தார். ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வந்த இளைஞர், ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டார்.

நண்பர் வாங்கிப் பார்த்தார். பென்ஸிலால் எழுதிய தமிழ். தகப்பனார் வந்து தங்கியிருந்த காலத்தில், தாம் பட்டறையில் பஸ்களுக்கு எழுதியது போலவே, மகனுடைய வண்டிக்கும் தினசரி எழுதியிருக்கிறார். அவர் ஊருக்குப் போன பிறகு நண்பர் அதைப் பிரித்துப் பார்க்காமலே கட்டோடு சேர்த்து வைத்துவிட்டாராம்.

"12-6-2009. கிலோமீட்டர் 84,310. ஆயில் அரை லிட்டர் விட்டது. சத்தம் சுத்தம்" என்று வாசித்தார். பிறகு இன்னும் சில பக்கங்கள். எல்லாம் ஆயில், தண்ணீர், காற்று. கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி:

"பையன் கிளட்சிலேயே காலை வைத்து ஓட்டுகிறான். தட்டு சீக்கிரம் தேயும். சொல்ல வேண்டும்."

நண்பர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லவே இல்லைங்க" என்றார்.

அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விஷயம் புரியாத இளைஞர், ஏதோ முக்கியமான பத்திரம் என்று எண்ணிப் பேசாமல் காத்திருந்தார். சிறிது நேரம் கழித்து நண்பர் நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரசீதுக் கட்டைத் திரும்பப் பெற்று, இளைஞருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, வந்தனம் சொன்னார். "இந்தத் தேசத்தில் முப்பது வயதான வண்டிக்குச் சர்க்காரே எண் பலகையில் 'எச்' எழுத்துப் போட்டு மரியாதை செய்கிறது. அதுவரையில் இது என்னிடமே இருக்கட்டும்" என்றார்.

நம்முடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்ததை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தோம்.

ஸ்டுட்கார்ட் என்ற பெயருக்குக் 'குதிரைத் தோட்டம்' என்று பொருள். முன்னொரு காலத்தில் இங்கே குதிரைப் பண்ணை இருந்ததாம். நகரத்தின் சின்னமான குதிரை போர்ஷே முத்திரையின் நடுவிலும் நிற்கிறது. திரும்பும்போது அம்மையாரை முன்னால் உட்காரச் சொல்லி, நாம் மனப்பூர்வமாக நம்மை மடித்துக்கொண்டு பின் ஆசனத்தில் நுழைந்தோம். அந்தக் குதிரைத் தோட்டத்துக் கிண்ணத்தில் இறங்கும் பாதை முழுதும் வண்டிகள் நின்றிருந்தன. சிவப்பு விளக்கில் பக்கத்தில் ஒரு புத்தம் புதிய 911 வந்து நின்றது. 394 குதிரையும் 300 குதிரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றன.

நண்பர் அந்தப் புது வண்டியையே பார்த்துக் கொண்டிருந்தார். முகத்தில் ஆசை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

அவர் மனைவி கீழே குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, கிளட்சிலிருந்து காலை எடுங்க" என்றார்.