பாடுபவரும் பாடுபடுபவரும்

ஜாம்ஷெட்பூரில் வாழும் நம்மவர்க்கு ஆலைச் சங்கின் ஒலியைப் பற்றி நான் விளக்க வேண்டுவதில்லை. அந்த ஒலி கேட்டு எழுந்து, அந்த ஒலி கேட்டு உண்டு, முப்பத்திரண்டு ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவர் என் தந்தை. ஆகவே, ஆலைத் தொழிலாளரைப் பற்றியே பாடிப் பெரும்புகழ் பெற்ற அமெரிக்க ராக் பாடகர் ஒருவரின் ஒலிநாடாவைக் கல்லூரி நாளில் நண்பர் தந்தபோது, சொற்கள் பாதி விளங்காவிட்டாலும் அக்குரல் எனக்கு அயலாகத் தோன்றவில்லை.

அவர் பெயர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1949இல் பிறந்து, நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃப்ரீஹோல்ட் என்னும் சிறிய நகரில் வளர்ந்தவர். தந்தை கம்பள ஆலையில் உழைத்தார், பேருந்து ஓட்டினார், சிறைக் காவலராகவும் இருந்தார். தாய் வழக்குரைஞர் அலுவலகத்தில் செயலாளராகப் பணிபுரிந்து குடும்பத்தைத் தாங்கினார். 1975இல் வந்த ‘பார்ன் டு ரன்’, 1984இல் வந்த ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ ஆகிய இசைத்தட்டுகள் அம்மைந்தரை உலகறியச் செய்தன.

சென்ற மாதம் விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், நான் அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வழக்கைத் தொடுத்தாள்.

“அப்பா, இவர் ஒரு நாளேனும் ஆலையில் வேலை செய்ததுண்டா? 2021இல் தம் பாடல்களின் உரிமையைச் சோனி நிறுவனத்துக்கு ஏறத்தாழ 50 கோடி டாலருக்கு விற்றார் என்று செய்தி வந்ததே! ஏழைகளின் பாட்டைப் பாடித் தாம் செல்வரானார். இது வேடம் அன்றி வேறென்ன?”

நான் விடவில்லை. ஆலைக்குள் தாம் உழைத்ததில்லை என்பதை அவரே மறைத்ததில்லை. 2017ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் தம் வாழ்க்கையைக் கதையும் பாட்டுமாகச் சொல்லத் தொடங்கியபோது, ஆலை வேலை அறியாத தாமே ஆலையைப் பற்றி எழுதிப் பெருவெற்றி பெற்றதை மேடையிலேயே நகைத்து ஒப்புக்கொண்டார். தந்தையின் ஆடையை அணிந்து தந்தையின் கதையைச் சொன்னார் என்பதே உண்மை. உழவைப் பாடிய புலவர் எல்லாரும் ஏர் பிடித்தவரா? செல்வம் சேர்ந்ததும் குற்றமாகாது. சேர்ந்தபின் அவர் யார் பக்கம் நின்றார் என்பதே கேள்வி என்றேன்.

அதற்குச் சான்றும் காட்டினேன். 1985இல் அவர் வளர்ந்த ஃப்ரீஹோல்டில் ஒலி, ஒளி நாடாக்கள் செய்த 3எம் நிறுவனத்தின் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அதை மூடவேண்டாம் என்று வில்லி நெல்சன் என்னும் பாடகருடன் சேர்ந்து நாளிதழில் விளம்பரமாக வேண்டுகோள் வெளியிட்டார். 1986 சனவரியில், அருகிலுள்ள அஸ்பரி பார்க்கில் அத்தொழிலாளர்க்காக நடந்த நிகழ்ச்சியில் மேடையேறிப் பாடினார். ஆலை மூடப்பட்டுத்தான் போயிற்று. எனினும், தோற்கும் பக்கத்தில் நிற்க ஒருவர் வந்தார் அல்லவா? அந்நாளைய இசைப் பயணத்தில் சென்ற ஊர்தோறும் பசித்தோர்க்கு உணவளிக்கும் அமைப்புகளுக்கு அவர் பொருளுதவி செய்ததும் உண்டு.

“சரி, 2022ஆம் ஆண்டு?” என்றாள் மகள்.

அங்கே என் வாய் அடைத்தது. அந்த ஆண்டு சூலைத் திங்களில் அவருடைய இசைப் பயணத்துக்கு நுழைவுச் சீட்டு விற்கத் தொடங்கினார்கள். கேட்போர் பெருகப் பெருக விலையும் தானே ஏறும் ஏற்பாடு ஒன்று அதில் இருந்தது. சில இருக்கைகளின் விலை 4,000, 5,000 டாலர் வரை சென்றது. சராசரி விலை 262 டாலர்தான் என்றது விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம். கள்ள விலைக்கு விற்போர் கையில் போகும் பணம் மேடையில் வியர்வை சிந்துவோர்க்கு ஏன் வரக்கூடாது என்பது பின்னர்ப் பாடகர் கூறிய நியாயம். கணக்கில் அது பிழையன்று. ஆனால் கணக்குப் பார்த்துத்தானே அந்த ஆலையையும் மூடினார்கள்? 1980 முதல் அவர் இசைக்காகவே நடந்துவந்த ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’ என்னும் இதழ், இந்த விலையால் மனம் கசந்து, 2023 பிப்ரவரியில் தன் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. நாற்பத்து மூன்று ஆண்டு அன்பு அது.

அவர் பாட்டு பொய் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். யாரைப் பாடினாரோ அவர் வாயிலுக்கு வெளியே நிற்கும்படி ஒரு விலையை ஏற்றுக்கொண்டார், அவ்வளவில் தவறினார். இப்படித் தீர்ப்புக் கூறி எழுந்தேன்.

மகள் விடவில்லை. “அப்பா, ஆண்டுதோறும் பொங்கல் விழாவில் தாத்தாவின் தூக்குச்சட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எல்லாரும் கண்கலங்கிக் கைதட்டுகிறார்கள். போன வாரம் சுற்றுச்சுவர் வேலைக்கு வந்த சித்தாள், மழையால் பிந்தி வந்ததற்கு அரைநாள் கூலியைப் பிடித்தீர்களே?”

நான் கடைசல் இயந்திரத்தைத் தொட்டதில்லை. அலுவலக நாற்காலியில் அமர்ந்தே ஓய்வு பெற்றவன். என் தந்தைக்கும் ஒருமுறை பிந்திச் சென்றதற்காக அரைநாள் கூலி போயிற்று. அன்றிரவு அவர் உண்ணாமல் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதையும் மேடையில் சொல்லியிருக்கிறேன்! கடல் கடந்த பாடகருக்கு வைத்த துலாக்கோலில் என்னை நான் வைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை அப்பெண் வேலை செய்யும் இடம் தேடிச் சென்று பணத்தை நீட்டினேன். எதற்கென்று விளக்கத் தொடங்கினேன். அவள் சிமெண்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “செவ்வாய்க்கிழமைக்கு உரியது” என்று இந்தியில் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

நான் மறந்த கிழமையை அவள் மறந்திருக்கவில்லை.