மாமா பேசறேன்

அப்பா இறந்த ஐந்தாவது மாதம் வேளச்சேரி வீட்டைக் காலி செய்தோம். ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. நான் அனுப்பிய வாய்ஸ் நோட்டுக்கெல்லாம் நீல டிக் மட்டும் வரும். ஒருமுறை போனை எடுத்தவர், "வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா பேசச் சொல்லும்மா" என்றார். எனக்கு 28 வயது. வாடகையில் பாதியைக் கட்டிக்கொண்டிருந்தது நான்தான்.

அந்த நாட்களில் லாரி ஆண்டர்சனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நியூயார்க்கில் சிற்பம் படித்துவிட்டு இசைக்கு வந்தவர். வயலின் வில்லில் குதிரைமுடிக்குப் பதிலாக ஒலிநாடாவைக் கட்டி, வயலினில் டேப் ஹெட்டைப் பொருத்தி, வில்லை இழுத்தால் பதிவு செய்த குரல் பேசும்படி செய்தவர். 1981இல் அவருடைய 'ஓ சூப்பர்மேன்' பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. எட்டு நிமிடப் பாட்டு, ஆன்சரிங் மெஷினில் ஒரு அம்மா. இதெல்லாம் எப்படி ஹிட் ஆச்சு என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

எனக்குப் பிடித்தது அவருடைய ஆண் குரல். 70களின் இறுதியிலிருந்தே மேடையில் ஒரு கருவியால் தன் சுருதியைக் கீழே இறக்கிப் பேசுவார். சூட் போட்ட ஒல்லியான பெண்ணின் வாயிலிருந்து ஒரு மேனேஜர் பேசுவார். 'அதிகாரத்தின் குரல்' என்று அதற்குப் பெயர். எதுவும் தெரியாமலே எல்லாம் தெரிந்த மாதிரி பேசும் குரல். அந்த ஆளை நமக்கும் தெரியும், கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

அம்மா கோவிலுக்குப் போயிருந்தபோது, ஆடாசிட்டியில் என் குரலை ஐந்து செமிடோன் இறக்கினேன். ஏழு இறக்கினால் பூதம், மூன்று இறக்கினால் சளி பிடித்த நான். "பொண்ணோட மாமா பேசறேன்" என்று அம்மாவின் போனிலிருந்து அனுப்பினேன். பேசும்போதே கவனித்தேன், 'ப்ளீஸ்' காணாமல் போயிருந்தது. 'கொஞ்சம் பாருங்க சார்' இல்லை. "இருபதாம் தேதிக்குள்ள போட்டுடுங்க." அவ்வளவுதான். அரை மணியில் பதில்: "சரிங்க சார், பண்ணிடலாம்." சந்தோஷமே வரவில்லை. அதே வாக்கியத்தை என் குரலில் ஒருமுறைகூட நான் சொல்லிப் பார்த்ததில்லையே. சொல்லியிருந்தால் திமிர் என்றிருப்பார், அது வேற விஷயம்.

டேவிட் போவி, ஸிக்கி ஸ்டார்டஸ்ட் வேடத்தை 1973 ஜூலையில் மேடையிலேயே முடித்துவிட்டார். ஆண்டர்சன் தன் ஆளைச் சாகவிடவில்லை. பிறகு அவருடைய கணவரான லூ ரீட் அந்த ஆளுக்கு ஃபென்வே பெர்கமாட் என்று பெயர் வைத்தார். 2010இல் வந்த 'ஹோம்லேண்ட்' ஆல்பத்தின் அட்டையில் ஆண்டர்சன் தடித்த புருவமும் மீசையுமாக இருக்கிறார். அதில் ஒரு நீளமான பாட்டு முழுக்க ஃபென்வேதான் பேசுகிறார். அதிகாரம் போய்விட்டது. தூக்கம் வராத கிழவர் இருட்டில் தனக்குத்தானே பேசிக்கொள்வது போலிருக்கிறது. முப்பது வருஷத்தில் வேடத்துக்கும் வயதாகிவிட்டது. முதலில் கேட்டபோது எனக்கு அந்தப் பாட்டு போரடித்தது.

அன்று ராத்திரி அம்மா தன் போனில் அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டிருக்கிறாள்.

"இது யாருடி?"

"நான்தாம்மா."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"உங்கப்பா ஜுரத்துல பேசற மாதிரியே இருக்கு. இன்னொரு தடவை போடு."

முக்கால்வாசிப் பணம் வந்துவிட்டது. மீதியைப் பெயிண்டிங் செலவு என்று ஓனர் பிடித்துக்கொண்டார். மாமாவை வைத்து இன்னொரு மிரட்டல் போடலாம்தான். லேப்டாப்பைத் திறந்தாலே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.