சம இடைவெளியில் பன்னிரண்டு காடிகள்



ரூட்டர் என்றதும் வைஃபை பெட்டியை நினைக்க வேண்டாம். மரத்தில் காடி வெட்டும் மெஷினைச் சொல்கிறேன். அதை ஒரு மேசைப் பலகைக்குக் கீழே தலைகீழாகப் பூட்டி, அலகு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க விட்டால் அதுதான் ரூட்டர் மேசை.

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சொல் அட்டைகள் வைக்கப் பெட்டி செய்கிறோம். எதிரெதிரான இரண்டு பக்கப் பலகைகளிலும் 12 காடிகள். ஒன்று தள்ளிப்போனாலும் நடுத்தடுப்பு கோணிக்கொண்டு நிற்கும், அல்லது இறங்கவே இறங்காது.

அடிமட்டம் வைத்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டால் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு புதுப் பிழை வரும். ஓடாவிமார் அளப்பதில்லை, மரத்தையே அளவாக வைத்துக்கொள்வார்கள். தள்ளுபலகையின் சட்டத்தில், அலகிலிருந்து 24 மி.மீ. தள்ளி, 6 மி.மீ. தடிப்பில் ஒரு சிறு கட்டையைப் பொருத்துங்கள். பலகையின் நுனியை அந்தக் கட்டையில் முட்டவைத்து முதல் காடியை வெட்டுங்கள். பிறகு அந்தக் காடியைக் கட்டையின் மேல் அமர்த்தி அடுத்ததை வெட்டுங்கள். இப்படியே பன்னிரண்டும். பின்னால் சட்டம் இருப்பதால் விளிம்பும் பிய்யாது.

கட்டை அரை மி.மீ. தள்ளியிருந்தால்? 12 காடிக்கு இடையில் இருப்பது 11 இடைவெளி. (இதைப் பன்னிரண்டு என்று சொல்லும் பிள்ளைகள் தரம் 10லும் உண்டு!) மொத்தத்தில் 5.5 மி.மீ. கூடும் அல்லது குறையும். ஆனால் எல்லா இடைவெளியும் ஒரே மாதிரித்தான் இருக்கும். தடுப்புக்கு அதுதான் தேவை. 6 மி.மீ. என்று வாங்கும் ப்ளைவுட் பெரும்பாலும் கொஞ்சம் மெலிவாகவே இருக்கும், அதனால் கழிவுத் துண்டில் ஒரு காடி வெட்டிச் செருகிப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். 12 மி.மீ. பலகைக்கு 4 மி.மீ. ஆழம் போதும்.

இனி முக்கியமான விஷயம். 60 மி.மீ. அகலத் துண்டைக் கையால் பிடித்து அலகுக்குக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. மரம் ஒரு தரம் உதறினால் விரல் அலகில். அகலமான பலகையில் காடிகளை வெட்டி முடித்துவிட்டு, கடைசியில் அதை நெடுக்காக இரண்டாக அறுக்கிறோம். கைக்கும் அலகுக்கும் இடையில் தூரம் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒரே வெட்டில் பிறந்ததால் காடிகள் நேருக்கு நேர் பொருந்தவும் செய்யும். மெஷினை ஓட்டுவது நான் மட்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு. அளவு பிடிப்பதும் உளியால் துப்புரவாக்குவதும் பிள்ளைகள்.

"படிக்கிற புள்ளைக்கு என்னத்துக்கு சேர் இந்த ஓடாவி வேல?" என்று ஒரு வாப்பா கேட்டார். கோபமாக அல்ல, கவலையாகத்தான். கணக்குப் பாடத்தில் வாயே திறக்காத அவருடைய மகன்தான் அன்று 11 இடைவெளி என்று முதலில் சொன்னவன். அதைச் சொன்னேன். பதில் பேசாமல் காடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

இன்னும் நான்கு பெட்டிகள் பாக்கி. பட்டறை வைத்திருப்பவர்களிடம் அரை அடி அகலத்தில், ஆணி இல்லாத 12 மி.மீ. மஹோகனித் துண்டுகள் மிஞ்சிக் கிடந்தால் எறியாமல் எடுத்து வையுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், இன்ஷா அல்லாஹ்.