சென்சார் குற்றவாளியா, சாட்சியா?

போடி முந்தலில் இருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய டீசல் ஜீப்புகளில் ஆக்ஸிஜன் சென்சாரே கிடையாது. நான் சொல்ல வந்தது பெட்ரோல் கார் விஷயம்.

போன லீவில் நான் வேலை பழகிய ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வாடகைக் கார்க்காரர் வந்தார். மறுநாளோடு புகைச் சான்றிதழ் முடிகிறது. என்ஜின் விளக்கோ அணையவில்லை. ஸ்கேனரில் பி 0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. "இன்னொரு எடத்துல சென்சார் போச்சு, மாத்தணும்னாங்க. நாலு டிரிப் காசு தம்பி" என்றார்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் மல்டிமீட்டரை எடுத்தார். சூடான என்ஜினில் முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இதிலோ 0.1-லேயே கிடந்தது. காற்று போகும் வழியில் கொஞ்சம் கிளீனர் அடித்தார். சட்டென்று 0.9-க்கு ஏறியது! "உசுரோடதான்டா இருக்கு. அது பொய் சொல்லல, பாக்குறதச் சொல்லுது" என்றார்.

பிளக்கைக் கழற்றினால் கரி. பெட்ரோல் குறைவு என்கிற வண்டியில் கரி எப்படி? என்ஜினை ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தபோது மேனிஃபோல்டு பக்கம் 'டிக் டிக்' சத்தம். கேஸ்கட் ஊதியிருந்தது. அந்த இடுக்கில் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. சென்சார் அதைப் பார்த்து 'ஆக்ஸிஜன் அதிகம்' என்கிறது. கம்ப்யூட்டர் மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றுகிறது. மலை ஏறும்போது பழுக்கக் காய்ந்து, இறங்கும்போது ஆறி, நட்டும் தளர்ந்திருந்தது.

பாரத் ஸ்டேஜ் 4 முதலான பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதத்துக்குள், வேகம் கூட்டிப் பார்க்கும்போது லாம்ப்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்த லட்சணத்தில் போயிருந்தால் சந்தேகம்தான்.

கேஸ்கட் மாற்றி, கோடை அழித்து, தேனி ரோட்டில் ஓட்டிவிட்டு சூடு ஆறுவதற்குள் டெஸ்டுக்குப் போகச் சொன்னார். சுமார் 300 டிகிரி சூடேறாமல் சென்சார் வாய் திறக்காது. (மெட்டில் இருந்து கியரில் இறங்கும்போது பெட்ரோல் நிற்பதால் வோல்ட் பூஜ்யத்தை ஒட்டும். அது கோளாறு இல்லை.)

அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. பழைய கேஸ்கட்டை நான் கேட்டு வாங்கி வந்தேன். நம் ஆட்டோமொபைல் லேப் அலமாரியில் இருக்கிறது. கரிக்கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று போய்ப் பாருங்கள்.